கியான்டி நொதித்த வீட்டில் ஒரு கார்த்திகை

1

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் என் மனைவி கலாமணியும், இரண்டு வயது நிரம்பாத எங்கள் மகள் யாழினியும். கொஞ்ச நேரம் வரைக்கும் எங்களுக்குப் பழக்கமான ஷோபா ஆன்ட்டியும் இருந்தார். தன் வீட்டில் விளக்கேற்ற நேரமாகிவிட்டது என்று பொரி உருண்டை டப்பாவை வைத்துவிட்டுப் புறப்பட்டுவிட்டார். இல்லாதவர்கள் நான், வீட்டுக்காரர் அல்டோ, பிறகு தாராபுரத்துப் பக்கம் ஊரில் இருந்த என் அப்பா. விளக்கு ஏன் அணைகிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடியவர்கள் நாங்கள் மூன்று பேரும்தான். மூன்று பேருமே அங்கே இல்லை.

நடந்தது நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவேயில். மூன்று வருடம் ஆகிறது. இதை எழுதுவது டெக்சாஸில், ரவுண்ட் ராக்கில் இருந்து. இந்த வருடக் கார்த்திகையும் கிட்டே வந்துவிட்டது. கலாமணி கடையில் அகல் வாங்கி வந்திருக்கிறாள். ஊற வைத்த அகல்களைத் துணியில் கவிழ்த்திருக்கிறாள். அவற்றைப் பார்க்காமல்தான் நான் சமையலறைக்குப் போகிறேன்.

2

போன வாரம் அலுவலகத்தில் ஒரு விருந்து. எங்கள் கம்பெனியில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருக்கிறார்கள். காலையில் வந்து பார்த்தால் பக்கத்து மேசையில் குழந்தையின் போட்டோ இருக்காது, காபி குவளை இருக்காது, ஆளும் இருக்காது. மிச்சமிருப்பவர்களின் மனத்தைத் தேற்றுவதற்காக மேலாளர் ஓர் இத்தாலிய உணவகத்துக்கு எங்களை அழைத்துப் போனார். வேலை போனால் விசாவும் போகும் என்கிற நிலையில் இருப்பவனுக்கு அந்த ரொட்டியும் வெண்ணெயும் தொண்டையில் இறங்குமா? இறங்குவதுபோல் நடித்துக்கொண்டிருந்தேன்.

பரிமாறுபவர் கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு சிவப்பு ஒயினை ஊற்றினார். "கியான்டி" என்றார். புளித்த பழமும், மழை பெய்யப்போகிற மண்ணும் கலந்த மாதிரி ஒரு வாசனை. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து நின்றுவிட்டேன். எல்லாரும் பார்த்தார்கள்.

"மதக் கட்டுப்பாடா?" என்று மேலாளர் மரியாதையாகக் கேட்டார்.

ஆமாம் என்று தலையாட்டினேன். வேறு என்ன சொல்ல? அந்த வாசனைக்குள் என் குழந்தை படுத்திருந்தாள் என்றா?

வீட்டுக்கு வந்தால், யாழினி அகல்களை எண்ணிக்கொண்டிருந்தாள். இப்போது அவள் ப்ரீஸ்கூல் போகிறாள். நாங்கள் பேசும் தமிழ் எல்லாம் புரிகிறது. பதில் மட்டும் பாதி ஆங்கிலத்தில் வருகிறது.

"அம்மா, வை கான்ட் வீ புட் தெம் ஆன் த ஃப்ளோர்? ஷோபா ஆன்ட்டி ஹவுஸ் போட்டோல எல்லாம் ஃப்ளோர்லதானே இருக்கு?"

"நம்ம வீட்டுல மேசை மேலதான் சாமி."

"பட் வை?"

கலாமணி என்னைப் பார்த்தாள். நான் காலணியைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

3

நான் கிணறு வெட்டுபவரின் மகன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள். நான் படித்ததற்குக் காரணம் படிப்பின் மேல் அப்பாவுக்கு இருந்த ஆசையல்ல, கிணற்றின் மேல் இருந்த பயம்.

எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது, ஒரு தோட்டத்தில் வெகுநாள் மூடிக்கிடந்த கிணற்றைத் தூர் வாரப் போனார்கள். அப்பா அன்று காய்ச்சலில் கிடந்தார். எந்தப் பழைய கிணற்றிலும் இறங்குவதற்கு முன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவது அவர்கள் வழக்கம். விளக்கு எரிந்தால் ஆள் இறங்கலாம்; அணைந்தால் அடியில் விஷக்காற்று நிற்கிறது என்று அர்த்தம். அன்று அவசரத்தில் யாரும் விளக்கு இறக்கவில்லை. முதலில் இறங்கிய ஆள் சத்தமில்லாமல் சாய்ந்தார். அவரைத் தூக்க என் சித்தப்பா இறங்கினார். தூக்கப் போகிறவன்தான் முதலில் சாவான் என்று அப்பா பின்னாளில் சொல்வார். குனிகிறான் அல்லவா, அதனால்.

"எம் பையன் குழிக்குள்ள எறங்கற வேலைக்குப் போகப்படாது." அப்பா அன்று சொன்னது இது ஒன்றுதான். நான் கோயம்புத்தூரில் எஞ்சினியரிங் படித்து, இரண்டாயிரமாவது வருடத்தில் கணிப்பொறிகள் குழம்பிப் போகாமல் சரிசெய்கிற வேலைக்கு அமெரிக்கா வந்தேன். வந்து குடியேறிய இடம் ஒரு பேஸ்மென்ட்.

ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும்: இங்கே குளிர்ப் பிரதேசங்களில் வீட்டுக்கு அடியில் இன்னொரு வீடு அளவுக்குப் பள்ளம் வெட்டிக் கட்டியிருப்பார்கள். அதில்தான் குடியிருந்தோம். தரைக்கு மேலே தலை நீட்டுகிற சின்ன ஜன்னல்கள். குளிர் வந்ததும் அவற்றுக்கும் பிளாஸ்டிக் தாள் ஒட்டிவிட்டோம். கட்டில் வாங்கவில்லை, பாய் விரித்து அதன்மேல் கம்பளி போட்டுத் தரையில்தான் படுத்தோம். அதே பேஸ்மென்ட்டின் மறுபாதி அல்டோவின் ஒயின் அறை. நடுவில் ஒரு கதவு. அவருடைய பாதி எங்கள் பாதியைவிட இரண்டு படி உயரம். முதல் நாள் அந்தப் படியில் இடித்துக்கொண்டு கலாமணி சொன்னாள்: "ஏனுங் மாமா, பள்ளத்துக்குள்ள ஒரு பள்ளமுங்க இது."

அப்பாவிடம் போனில் "கீழ் வீடு" என்று மட்டும் சொன்னேன். அவர் தரைத்தளம் என்று எடுத்துக்கொண்டார்.

4

பேஸ்மென்ட்டை வாடகைக்கு விட அல்டோ ஊராட்சியிடம் அனுமதி வாங்கியிருக்கவில்லை. சேர்ந்த பிறகுதான் அது எங்களுக்குத் தெரிந்தது. தபால் பெட்டியில் எங்கள் பெயர் கூடாது. யாராவது கதவைத் தட்டினால் உறவினர் என்று சொல்ல வேண்டும். "உறவினரா? எங்களைப் பாத்தா இவருக்குச் சொந்தம்னு எவனாச்சும் நம்புவானுங்களா?" என்று கலாமணி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கிரீன் கார்டுக்கு அப்போதுதான் கம்பெனி மனுப் போட்டிருந்தது. தெருவில் போலீஸ் கார் மெதுவாகப் போனால்கூட விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். வாடகை குறைவு, அந்தக் குறைவுக்கு நாங்கள் பயத்தைக் கட்டிக்கொண்டிருந்தோம்.

அல்டோ கெட்ட மனிதரல்ல. எழுபதைத் தொட்டவர், மனைவியை இழந்தவர், கொத்தனார் வேலை பார்த்துக் கை தடித்துப் போனவர். இத்தாலியில் ஃபுளோரன்சுக்கும் சியென்னாவுக்கும் நடுவே உள்ள குன்றுகள்தான் அவருடைய ஊர்ப்பக்கம். கியான்டி என்பது அந்தக் குன்றுகளின் பெயர். அங்கே ஆகிற ஒயினுக்கும் அதே பெயர். அவருடைய அப்பா அங்கே வாரத்துக்கு உழுதவர். விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு, பாதி உழுதவனுக்கு. நம் ஊர் வாரம் மாதிரியே இருக்கிறதே என்று நான் சொன்னபோது, "உங்கள் ஊரில் நல்ல பாதியை யார் எடுப்பார்?" என்று கேட்டார். நிலக்காரர்தான் என்றேன். "அப்படியானால் அதே ஊர்தான்" என்றார்.

கியான்டி ஒரே திராட்சையில் ஆவதில்லை. எனக்கு அது புதிய செய்தி. சாஞ்சியோவேசே என்கிற கறுப்புத் திராட்சைதான் பெரும்பங்கு. அது மட்டும் போட்டால் துவர்ப்பும் புளிப்பும் தூக்கும். அதை இளக்க கனாயோலோ என்று ஒன்று, நிறத்துக்கு வேறொன்று, அது போக ஒரு பங்கு வெள்ளைத் திராட்சையும் விழும். சிவப்பு ஒயினில் வெள்ளைத் திராட்சை எதற்கு என்று கேட்டேன். அவர்கள் காலத்தில் தனித் திராட்சைத் தோட்டம் என்றே கிடையாதாம். வயலில் கோதுமை, வரப்பில் மரம், மரத்தின் மேல் திராட்சைக் கொடி. நாம் அகத்தியில் வெற்றிலைக்கொடி ஏற்றுவதுபோல. எந்த மரத்தில் எந்தக் கொடி ஏறியதோ, பறிக்கிற அன்று எல்லாம் ஒரே தொட்டிக்குள் போகும். அப்படிக் கலந்ததே பிறகு பக்குவம் ஆகிவிட்டது. பின்னால் படித்தவர்கள் வந்து அளவு சொன்னார்கள். இப்போது வெள்ளையே வேண்டாம் என்கிறார்களாம். "அவர்கள் கிடக்கிறார்கள். வெள்ளை இல்லாவிட்டால் சின்ன வயதில் அந்த ஒயின் பேசாது, முறைக்கும்" என்றார் அல்டோ.

செப்டம்பரில் கலிபோர்னியாவில் இருந்து லாரியில் வந்த திராட்சையைப் பெட்டி பெட்டியாக இறக்கினார். நான் குடிப்பதில்லை. கலாமணி அந்த அறைப் பக்கம் போகும்போதே முந்தானையால் மூக்கை மூடுவாள். ஆனால் தரம் பிரிக்கிற இடத்தில் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. சின்ன வெங்காயம் பிரித்துப் பழகிய கை. நல்ல குலைகளாக ஒரு பங்கை அல்டோ தனியே எடுத்து மாடியறையில் மூங்கில் தட்டிகளில் பரப்பினார். அவரோடு உட்கார்ந்து இவளும் அழுகல் பொறுக்கினாள். அவருக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு அப்போது ஆங்கிலமே அரைகுறை. ஆனாலும் சண்டை நடக்கும்.

"அங்கிள், திஸ் ஒன் பேட். தூக்கிப் போடுங்க."

"நோ பேட்! ஸ்வீட்!"

"ஸ்வீட்டுமில்ல கீட்டுமில்ல, பூஞ்சக்காளான் புடிச்சிருக்கு. கண்ணாடியப் போட்டுட்டுப் பாருங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு அந்தக் குலையைத் தூக்கிப் போட்டார். யாழினி தட்டிகளுக்கு நடுவே புகுந்து ஒவ்வொரு பழமாக வாயில் போட்டுக்கொள்வாள்.

5

அந்தக் காய்ந்த திராட்சைக்கு ஒரு காரியம் இருந்தது.

முதலில் மிதித்த பழச்சாறு அக்டோபரிலேயே பொங்கி அடங்கிவிட்டது. அந்த நாட்களில் அல்டோ கவனமாகத்தான் இருந்தார். ஒயின் அறையின் வெளி ஜன்னல் திறந்தே இருக்கும். தினமும் காலையில் கையில் ஒரு மெழுகுவர்த்தியோடுதான் உள்ளே போவார். அதைத் தரையோரம் நீட்டிப் பார்ப்பார். சாமி கும்பிடுகிறார் என்று கலாமணி நினைத்தாள். திறந்த கதவு வழியே ஒரு நாள் அதைப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது. அதுவும் எங்கள் அரிக்கேன் விளக்குதான். சாறு நொதிக்கும்போது வருகிற வாயு காற்றைவிடக் கனம். தண்ணீர் மாதிரிப் பள்ளம் பார்த்து ஓடும். உலகத்தின் இன்னொரு மூலையிலும் ஒருவன் சுடரைக் கேட்டுக்கொண்டுதான் உள்ளே கால் வைக்கிறான் என்பது எனக்கு அப்போது ஆறுதலாகக்கூட இருந்தது. வெட்கத்தை விட்டு அவரிடம் சித்தப்பாவைப் பற்றிச் சொன்னேன். அவர் மார்பில் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்.

அடங்கிய பிறகுதான் கியான்டிக்காரர்களின் தனி வழக்கம் வருகிறது. அதற்கு கோவெர்னோ என்று பெயர். உலர்த்தி வைத்த திராட்சையைப் பிழிந்து, அது நொதிக்கத் தொடங்கியதும், அடங்கிக் கிடக்கிற ஒயினில் கொண்டுபோய் ஊற்றுவார்கள். தூங்குகிற ஒயின் மறுபடி விழித்துக்கொண்டு மெதுவாகப் பொங்கும். முரட்டுத்தனம் போய், அடுத்த வசந்தத்திலேயே குடிக்க மிருதுவாகிவிடுமாம். வாரத்துக்கு உழுகிறவன் வருடக்கணக்கில் காத்திருக்க முடியாதல்லவா?

நவம்பர் கடைசியில் அதைச் செய்தார். அந்த வருடம் குளிர் முன்னாலேயே பிடித்துக்கொண்டது. குளிரில் இரண்டாம் பொங்கல் எடுக்காது என்று மின்சார ஹீட்டர் ஒன்றைப் பீப்பாய்களுக்கு நடுவே வைத்தார். சூடு போகாமல் இருக்க வெளி ஜன்னலில் பழைய ரஜாய்ப் போர்வை ஒன்றைத் திணித்தார். அவருடைய ஊரில் அடுப்பங்கரைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் பீப்பாய்கள் இருக்குமாம். சுவர் சூடே போதுமாம். இரண்டாவது பொங்கல் சாதுவானது, பயமில்லை என்றார். எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று பார்த்துவிட்டு, நூவர்க்கில் உடம்பு சரியில்லாத மைத்துனரைப் பார்க்கப் போய்விட்டார்.

மறுநாள் கார்த்திகை.

6

குளிர் நாட்டில் வாசலில் விளக்கு வைக்க முடியாது, காற்று விடாது. அதனால் கலாமணி எல்லா அகலையும் வீட்டுக்குள்ளேயே தரையில் வரிசையாக வைத்தாள். நடுக்கதவின் ஓரமாக ஒரு வரிசை. சுவாமி படத்துக்கு முன்னால், ஸ்டூல் மேல், குத்துவிளக்கு. யாழினி பகலில் தூங்க மாட்டாள். அன்று தானாகவே பாயில் சுருண்டுகொண்டாள். பண்டிகை வேலைக்கு வசதியாகப் போயிற்று என்று இவளும் சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

இங்கே அந்த மாதத்தில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். விளக்கேற்றத் தொடங்கியதும் கதவோரத்து வரிசை அணைந்தது. மறுபடி ஏற்றினாள். மறுபடி அணைந்தது.

ஷோபா ஆன்ட்டி மாம்பலத்துக்காரர், நல்லவர், நாக்கு மட்டும் நிற்காது. "என்னம்மா இது, நல்ல நாளும் அதுவுமா விளக்கு நிக்க மாட்டேங்குது? யார் கண்ணு பட்டுதோ. கிரீன் கார்டு அப்ளை பண்ணிருக்கீங்கன்னு யார்கிட்டயாவது சொன்னியா?"

"உங்ககிட்டதானுங்க சொன்னேன்."

"நல்லாருக்கே! என் கண்ணா படும்? விண்டோலேர்ந்து டிராஃப்ட் வருது பாரு, அதான். இடுக்கு எல்லாம் க்ளோஸ் பண்ணு. அணைஞ்சதை அப்படியே விடாதே, அபசகுனம்."

அவர் புறப்பட்டதும் கலாமணி ஜன்னல் இடுக்கில் எல்லாம் துணி திணித்தாள். மாடிப்படிக் கதவையும் சாத்தினாள். மறுபடி குனிந்து ஏற்றினாள்.

அலுவலகத்தில் எனக்கு போன் வந்தபோது அழுதுகொண்டிருந்தாள். எங்கள் போன் சமையல் மேடைக்கு மேலே சுவரில் மாட்டியது, கயிறு வைத்தது. நின்றுகொண்டுதான் பேச முடியும். அந்தக் கயிறு நீளமாக இல்லாமல் போனதற்கு இன்றைக்கும் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

"மாமா, விளக்கு நிக்கவே மாட்டேங்குதுங்க. ஏத்த ஏத்த அணைஞ்சு போகுது. எனக்குப் பயமா இருக்குதுங்க. ஊர்ல யாருக்காச்சும் ஏதாச்சும் ஆயிருக்குமா? மாமனாருக்குப் போன் போட்டுப் பாருங்க."

"காத்தா இருக்கும் புள்ள. வேலையா இருக்கேன், வந்து பாக்கறேன்."

"காத்தில்லீங்க, எல்லாம் அடைச்சுட்டேன். ஸ்டூல் மேல குத்துவிளக்கு பாட்டுக்கு நின்னு எரியுது. கீழ வெச்சது மட்டும்தான். தீக்குச்சியக் கொண்டு போனா அது குனியறதுக்குள்ள அணையுது. எனக்கும் குனிஞ்சாத் தலை கிறுகிறுங்குது."

கையில் இருந்த பேனாவை நான் கீழே வைத்தேன். வைத்தது ஞாபகம் இருக்கிறது.

"கலா. தீக்குச்சி எந்த மட்டத்துல அணையுது?"

"எந்த மட்டம்னா?"

"உன் ஒடம்புல. இடுப்பா? முழங்காலா?"

"முழங்கால் கிட்டங்க. ஏனுங்க?"

"பாப்பா எங்க?"

"தூங்கறாளுங்க. பாயில."

என் சித்தப்பாவை மேலே எடுத்துப் போட்டபோது அவர் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. தூங்குகிற மாதிரிதான் இருந்தார். அந்த முகம் என் மேசைக்கு மேலே வந்து நின்றது.

பாய்மேல் கிடக்கிறவளை எடுக்க இவள் குனிய வேண்டும். வேறு வழியில்லை. பிஸ்கட்டவே அங்கிருந்து எட்டாத தூரம். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இவளைப் போகச் சொல்வதா, போகாதே என்பதா?

"கலா, நான் சொல்றத மட்டும் கேளு. அது விஷக்காத்து. அல்டோ ரூம்ல இருந்து வருது. முதல்ல மாடிப்படிக் கதவத் தொறந்து வை. அங்கயே நின்னு நல்லா மூச்சு இழுத்துக்க. புடிச்சுக்க. ஓடிப் போய்ப் பாப்பாவத் தூக்கு. நிமிர்ந்து படியேற வரைக்கும் மூச்சு விடாத. அவ அழுகலீன்னாலும் பாத்துட்டு நிக்காத. பேர் சொல்லிக் கூப்பிடாத. வாயத் தொறக்கவே கூடாது. தெருவுக்குப் போயிரு."

"போலீசு வந்தா வீடு..."

"வீடு போயிட்டுப் போகுது. ஓடு!"

போனை அவள் மாட்டவில்லை. கீழே விட்டுவிட்டாள், அது சுவரில் இடித்தது கேட்டது. கதவு கிறீச்சிட்டது கேட்டது. ஓடுகிற காலடி. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

ஒன்றுமே இல்லை. குழந்தையின் அழுகை இல்லை, படியேறுகிற சத்தம் இல்லை. போன் கயிறு ஆடி ஆடிச் சுவரில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது. என் போனைக் காதில் அழுத்தியபடியே அந்த அலுவலக மேலாளரைப் பார்த்துக் கத்தினேன்: அவசர உதவிக்கு 911 கூப்பிடுங்கள் என்று. அவர் இன்னொரு போனில் கூப்பிட்டு என் பக்கம் நீட்டினார். மறுமுனையில் ஒரு பெண் குரல் முகவரி கேட்டது. இத்தனை மாதம் யாரிடமும் சொல்லாமல் காத்த முகவரியைச் சொன்னேன்.

"வீட்டில் எந்தப் பகுதி?"

"பேஸ்மென்ட்."

"பேஸ்மென்ட்டில் ஆட்கள் குடியிருக்கிறார்களா?"

"ஆமாம். என் மனைவி. என் மகள்."

சொல்லி முடித்தபோதும் என் மறு காதில் போன் கயிறு தட்டிக்கொண்டேதான் இருந்தது.

7

மேலாளர்தான் காரை ஓட்டினார். வழி முழுக்க என்னவோ பேசிக்கொண்டு வந்தார். ஒரு வார்த்தைகூட ஞாபகமில்லை. தெருமுனை திரும்பியதும் தீயணைப்பு வண்டியின் சிவப்பு விளக்கு எதிர்வீட்டுச் சுவர்களில் எல்லாம் ஓடியது. இரண்டு பக்கமும் ஆட்கள். ஆம்புலன்சின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே கலாமணி, பட்டுப்புடவையோடு, வெறுங்காலோடு. யாருடைய கோட்டோ தோளில் கிடந்தது. அவள் மடியில் யாழினி, மூக்குமேல் பிளாஸ்டிக் மூடியோடு. அதைப் பிடுங்கி எறிய முயன்றுகொண்டிருந்தாள். பிடுங்க முடியாத ஆத்திரத்தில் அழுதாள். அதைவிட நல்ல அழுகையை நான் கேட்டதில்லை.

"தூக்கறப்பத் துணி மாதிரித் தொங்கினாளுங்க" என்றாள் கலாமணி. "உதடு கறுத்திருச்சு. கூப்பிடக் கூடாதுன்னு சொன்னீங்களே, கூப்பிடலீங்க. பல்லக் கடிச்சுக்கிட்டு ஏறினனுங்க. தெருவுக்கு வந்ததுக்கப்புறந்தான் கூப்பிட்டேன். அதுக்கப்புறந்தான் முழிச்சா."

மருத்துவமனையில் இரண்டு பேரையும் மறுநாள் வரை வைத்திருந்தார்கள். ஒவ்வொரு முறை யாழினி தூங்கும்போதும் கலாமணி எழுப்பிவிட்டாள், நர்ஸ் திட்டினாள், இவள் மறுபடி எழுப்பினாள்.

காலையில் அல்டோ வந்தார். அறைக்குள் வரவில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். ஊராட்சியில் இருந்து ஆட்கள் வந்து அவர் வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். இனி அந்த பேஸ்மென்ட்டில் யாரும் குடியிருக்க முடியாது. அபராதமும் உண்டு. அதையெல்லாம் அவர் சொல்லவில்லை, பிறகு தெரிந்துகொண்டேன்.

"தினமும் மெழுகுவர்த்தியோடுதான் போனேன்" என்றார். "நேற்றுக்கு முந்தின நாளும் போனேன். என் அறையில் அது எரிந்தது."

"எங்கள் தரை இரண்டு படி கீழே" என்றேன்.

"கதவுக்கு அந்தப் பக்கம் வீடு என்றுதான் நினைத்தேன். அதுவும் அதே நிலவறைதான் என்று தோன்றவேயில்லை."

கலாமணி அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவர் திரும்பி நடக்கத் தொடங்கியபோது மட்டும், "அங்கிள், பேபி ஓகே" என்றாள். அவர் திரும்பாமலே சிலுவைக்குறி போட்டுக்கொண்டு போனார்.

நாங்கள் சாமான் எடுக்கப் போன அன்று, பீப்பாய் ஒவ்வொன்றையும் முற்றத்துக்கு உருட்டி வந்து பனிமேல் கவிழ்த்துக்கொண்டிருந்தார். ஒயின் கெட்டுப் போயிருக்கவில்லை. ஊற்றச் சொல்லி யாரும் சொல்லவுமில்லை. வெள்ளைப் பனியில் சிவப்பு இறங்கி ஓடியது. யாழினி அதைப் பார்த்துக் கைதட்டினாள்.

அடுத்த வருடம் டெக்சாஸில் வேலை இருக்கிறது என்று ஓர் ஏஜென்ட் கூப்பிட்டபோது, சம்பளத்தைக் கேட்பதற்கு முன்பு நான் கேட்டது, அங்கே வீடுகளுக்கு பேஸ்மென்ட் உண்டா என்பது. பாறை நிலம், யாரும் வெட்டுவதில்லை என்றார். வந்துவிட்டோம். இங்கே எல்லாருக்கும் உயரமான கட்டில் வாங்கியிருக்கிறேன். அப்படியும் தூங்கப் போகும்முன் யாழினியின் கட்டிலோரம் உட்கார்ந்து தீக்குச்சி கிழித்துத் தரையருகே காட்டிப் பார்க்கிறேன். கீழே பாறைதான், தெரியும். இப்போது வேலைதான் அடியில் இருந்து நழுவுகிறது. அதற்கு எந்தச் சுடரைப் பிடித்துப் பார்ப்பது என்று தெரியவில்லை.

"அப்பா, வாட் ஆர் யூ டூயிங்?" என்று அவள் கண் திறக்காமலே கேட்பாள்.

"ஒண்ணுமில்ல கண்ணு, தூங்கு."

அந்த நாள் நடந்ததை அப்பாவிடம் சொல்ல வெகுநாள் ஆயிற்று. அதற்கு முதலில், கீழ் வீடு என்றால் என்ன என்று சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு போனில் கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எந்த மட்டத்துல அணைஞ்சுது?"

"முழங்கால் மட்டம்ப்பா."

"பாப்பா?"

"கீழ. பாயில."

சர்வதேச அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஓடட்டும் என்று விட்டேன்.

"செலவு எவ்வளவு கண்ணு ஆச்சு?" என்றார் கடைசியில்.

குடும்பத்துக்கான மருத்துவக் காப்பீடு அடுத்த மாதத்தில் இருந்துதான் தொடங்குவதாக இருந்தது. ஆம்புலன்சுக்குத் தனிச் சீட்டு, அவசரப் பிரிவுக்குத் தனி, டாக்டருக்குத் தனி. ஒவ்வொருவரிடமும் போனில் மன்றாடிக் குறைத்து, தவணை கேட்டு, அல்டோ கணக்குப் பார்க்காமல் திருப்பி அனுப்பிய வாடகை முன்பணத்தையும் அதிலேயே போட்டு, கடைசித் தவணையைக் கட்டும்போது ஒரு வருடம் ஓடிவிட்டது. அப்பாவிடம் பேசிய அன்று இன்னும் கட்டி முடித்திருக்கவில்லை; மொத்தத்தை ரூபாயில் மாற்றி, லட்சத்து முப்பத்து மூவாயிரம் என்று சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"உன்ற சித்தப்பன் போனப்போ தோட்டத்துக்காரர் ஐநூறு ரூவா கொண்டாந்து திண்டுல வெச்சாரு" என்றார். "நான்தான் எண்ணி வாங்கினேன். நீ கட்டிரு கண்ணு. மொகம் சுளிக்காமக் கட்டிரு."

கட்டிவிட்டேன். மூவாயிரத்து நூற்று எண்பது டாலர்.